யார் கடிகாரத்தில் சூடு?

(தஞ்சாவூரில் ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியது. எழுதும்போது கொஞ்சம் சுருக்கியிருக்கிறேன்.)

அவையோர்க்கு வணக்கம். காபி குடித்துவிட்டு வந்திருப்பீர்கள், அங்கிருந்தே தொடங்குகிறேன். டபராவில் ஊற்றிய காபி ஆறி, அறையின் வெப்பநிலைக்கு வந்து நின்றுவிடுகிறது. அதற்குப் பிறகு எவ்வளவு நேரம் போனாலும் மாற்றமில்லை. வெப்பச் சமநிலை என்பது இதுதான். நேரம் என்று சொல்லிவிட்டேனே, யாருடைய நேரம்? அதைப் பற்றித்தான் இன்று பேச்சு.

சமநிலை வந்துவிட்டால் எங்கும் ஒரே சூடு என்று பள்ளியில் படித்தோம். ஈர்ப்பு இருக்கும் இடத்தில் அது முழு உண்மையாகாது என்று 1930இல் டோல்மன் என்ற இயற்பியலாளர் காட்டினார். கீழே கடிகாரம் மெதுவாக ஓடும். அதே விகிதத்தில் அங்கே சூடு கூடும். நம் பெரிய கோயில் விமானம் சுமார் 216 அடி. அந்த உயரத்துக்கு ஒரு குழாயில் காற்றை அடைத்து, முழுச் சமநிலைக்கு விட்டால், உச்சியைவிட அடியில் சூடு எவ்வளவு கூடுதல்? ஒரு டிகிரியை லட்சம் கோடிப் பங்காக்கி, அதில் இரண்டு பங்கு. சித்திரை மத்தியானம் அந்தப் பிராகாரத்தில் வெறுங்காலோடு நடந்தவர்கள் சிரிக்கலாம்.

குவாண்டம் புலத்துக்கு, அதாவது வெளி எங்கும் பரவி நுண்ணுலக விதிப்படி நடக்கும் ஒன்றுக்கு, வருவோம். இங்கே இரண்டு அளவீடுகளை எந்த வரிசையில் செய்கிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறும். ஆனால் சமநிலையில் ஒரு வேடிக்கை உண்டு. நேரத்தைக் கற்பனை எண்ணின் (தன்னோடு பெருக்கினால் மைனஸ் வரும் எண்) திசையில் ஒரு குறிப்பிட்ட அளவு நகர்த்தினால், ஒரு வரிசையின் விடை மற்ற வரிசையின் விடையாகிவிடும். சூடு கூடக்கூட அந்த அளவு சுருங்கும். கூபோ 1957இலும், மார்ட்டினும் ஷ்விங்கரும் 1959இலும் கண்டது இது. சமநிலைக்கு இதையே இலக்கணமாக 1967இல் ஹாக், ஹுகென்ஹோல்ட்ஸ், வின்னிங்க் மூவரும் வைத்தார்கள். ராமானுஜன் வளர்ந்த கும்பகோணம் பக்கத்திலேயே இருக்கும்போது, கற்பனை எண்ணைச் சொன்னதற்கு நான் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை.

இப்போது வெட்டவெளி. சும்மா மிதப்பவருக்கு அங்கே ஒன்றுமில்லை. ஒரே சீராக வேகம் கூட்டிக்கொண்டே போகும் ராக்கெட்காரரை எடுத்துக்கொள்ளுங்கள். அவருக்கு ஒரு எல்லை உண்டு. அதற்கு அப்பால் புறப்பட்ட ஒளி அவரை வந்து சேராது. மேட்டூர் திறந்தும் தண்ணீர் காணாத கடைமடை மாதிரி. காலமும் தூரமும் போட்ட படத்தில் அவர் பாதை ஓர் அதிபரவளையம். அவருடைய நேரத்தைக் கற்பனைத் திசையில் திருப்பினால் அது வட்டமாகிவிடும். வட்டமென்றால் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்தாக வேண்டும். நேரத்தை நகர்த்த வேண்டும் என்று மேலே சொன்ன அந்த அளவு, இந்த ஒரு முழுச் சுற்றுதான்!

ஸ்ரீரங்கத்தின் ஏழு பிராகாரங்களை நினைத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் ஒரு பிரதட்சிணம்தான் செய்கிறார்கள். உள் பிராகாரத்தில் போகிறவர் சீக்கிரம் சுற்றி முடிக்கிறார். எல்லைக்குப் பக்கத்தில் இருப்பவரும் அப்படித்தான்: முடுக்கம் அதிகம், சுற்று சிறிது, சூடு அதிகம். டோல்மன் சொன்னதும் பொருந்திவிடுகிறது. வெட்டவெளியில் முடுக்கத்தோடு போகிறவர் உணரும் சூடு என்று 1976இல் இயற்பியலாளர் அன்ரூ சொன்னது இதைத்தான். ஒரே ஒரு கெல்வின் உணர, நம் புவியீர்ப்பைப் போல இரண்டரைக் கோடி லட்சம் கோடி மடங்கு முடுக்கம் வேண்டும்.

வட்டத்தின் நடுப்புள்ளியில், அதாவது அந்த எல்லை இருக்கும் இடத்தில், ஒரு நுட்பம் இருக்கிறது. வட்டக் காகிதத்தில் ஒரு துண்டை வெட்டி எடுத்துவிட்டு ஒட்டினால் கடலைப் பொட்டலம் மாதிரிக் கூம்பாகும், நடுவில் முனை குத்தும். முனையில்லாமல் இருக்க முழுச் சுற்று வேண்டும். கருந்துளையிலும் இதே கதை. அதன் எல்லையில் புலம் உடையாமல் சமநிலையில் இருக்க வேண்டுமானால், ஹாக்கிங் 1974இல் சொன்ன வெப்பநிலை ஒன்றுதான் பொருந்தும். சூரியன் எடையுள்ள கருந்துளைக்கு அது ஒரு கெல்வினில் பத்துக் கோடியில் ஆறு பங்கு.

பேசி முடித்ததும் முன்வரிசைப் பெரியவர் ஒருவர் எழுந்தார். “தம்பி, தரையில நிக்கிற நானும் முடுக்கத்துலதானே இருக்கேன்? எனக்கு எவ்வளவு சூடு?” அருமையான கேள்வி. அன்ரூவின் சூத்திரத்தில் போட்டால் ஒரு விடை வரும். ஆனால் அது செல்லாது. பூமிக்குக் கருந்துளை மாதிரி எல்லை கிடையாது. எல்லை இல்லாததால் வட்டத்துக்கு நடுப்புள்ளியும் இல்லை, முனை குத்துமே என்ற கட்டாயமும் இல்லை. நிற்கிறவருக்கு வெறுமை குளிர்ந்தே இருக்கலாம்.

“அப்ப எனக்கு வெயில் மட்டும்தானா?” என்றார். ஆமாம் ஐயா என்றேன்.