மாலத்தீவு கந்து டைவ்: கைடு பார்ப்பது எது, நீங்கள் பார்க்க வேண்டியது எது?

ஸ்கூபா டைவிங் பற்றிய அடுத்த கேள்வி கோயம்புத்தூரிலிருந்து. அப்படியே படிக்கிறேன். "சார், என்னிடம் ஓப்பன் வாட்டர் லைசென்ஸ் இருக்கிறது. ஜனவரியில் மாலத்தீவு போகிறேன், வாவு அட்டோலில் தங்கல். மியாரு கந்துவில் சுறா பார்க்க ஆசை. டைவ் சென்டரில் கேட்டால், இடத்தை அன்று காலையில்தான் முடிவு செய்வோம், எல்லாம் கைடு பார்த்துக்கொள்வார் என்கிறார்கள். அப்படியானால் நான் எதைத் திட்டமிடுவது?"

அவர்கள் சொன்னதில் பாதி சரி. கடலை கைடு பார்த்துக்கொள்வார். உங்கள் சிலிண்டரில் இருக்கும் காற்றுக்குக் கணக்கு போட வேண்டியது நீங்கள்தான்.

முதலில் ஏன் அன்று காலையில் முடிவு செய்கிறார்கள் என்று பார்த்துவிடுவோம். அட்டோல் என்பது பவளப்பாறையால் ஆன ஒரு பெரிய வளையம். அந்த வளையத்தில் ஆங்காங்கே இருக்கும் இடைவெளிதான் கந்து. வெளியே ஆழ்கடல், உள்ளே ஆழம் குறைந்த நீர். கடல் ஏறும்போதும் வற்றும்போதும் அத்தனை தண்ணீரும் இந்த இடைவெளி வழியாகத்தான் போக வேண்டும், ஏரி மதகு மாதிரி. அதனால்தான் அங்கே இழுவை அதிகம். அந்த ஓட்டத்தில் மீன் கூட்டம் சேரும், அதைத் தேடிச் சாம்பல் நிறச் சுறாக்கள் வாசலில் வந்து நிற்கும். 2010-ல் அங்கே சுறா பிடிக்கத் தடை போட்டார்கள், அதுவும் ஒரு காரணம்.

ஜனவரி வடகிழக்குப் பருவம். பொதுவாக நீரோட்டம் கிழக்கிலிருந்து மேற்கே போகும். அதனால் அட்டோலின் கிழக்குப் பக்கக் கந்துகளில் ஆழ்கடல் தண்ணீர் உள்ளே வரும், கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும். மியாரு கந்து கிழக்குப் பக்கம்தான், ஆகவே நீங்கள் போகும் மாதம் சரியான மாதம். மான்டா திருக்கை பார்க்க வேண்டும் என்றால் இதே மாதத்தில் மேற்குப் பக்கம் போக வேண்டும், ஏனென்றால் மிதவை உயிரிகள் நிறைந்த கலங்கல் நீர் வெளியேறுவது அந்தப் பக்கம். ஆனால் பருவம் ஒன்று சொல்ல, அன்றைய ஏற்றவற்றம் வேறொன்று சொல்லும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இழுவை இன்னும் கூடும். நீரோட்டம் உள்நோக்கி இருந்தால், நீங்கள் கையை விட்டாலும் அட்டோலுக்குள்தான் போவீர்கள். வெளிநோக்கி இருந்தால் நடுக்கடலுக்கு. ஆகவே கைடு முதலில் தண்ணீரில் குதித்து ஓட்டத்தைப் பார்த்துவிட்டு, "இன்றைக்கு இங்கே வேண்டாம்" என்றால் முகம் சுளிக்காதீர்கள். அப்படிச் சொல்லத் தயங்காத சென்டர்தான் நல்ல சென்டர்.

இப்போது உங்கள் பங்கு. ஓப்பன் வாட்டர் என்பது தொடக்கநிலை லைசென்ஸ், அதற்கு எல்லை 18 மீட்டர் ஆழம். பல கந்துகளில் சுறா நிற்கும் வாசல் விளிம்பு 25-லிருந்து 30 மீட்டரில் இருக்கும். மாலத்தீவில் பொழுதுபோக்கு டைவுக்குச் சட்டப்படியே 30 மீட்டர்தான் உச்சம். எனவே போவதற்கு முன்போ, அங்கே முதல் இரண்டு நாளிலோ அடுத்த நிலையான அட்வான்ஸ்டு கோர்ஸை முடித்துவிடுங்கள். "கைடு கூட வருகிறாரே, கொஞ்சம் கீழே போனால் என்ன" என்பது எனக்குப் பிடிக்காத பேச்சு. அந்தக் "கொஞ்சம்" எவ்வளவு காற்றைத் தின்கிறது என்று கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

அங்கே பெரும்பாலும் கொடுப்பது 11 லிட்டர் அலுமினிய சிலிண்டர், 200 பார் (காற்றழுத்தத்தின் அளவு) வரை நிரப்பியது. அதாவது சுமார் 2,200 லிட்டர் காற்று. நீங்கள் மேற்பரப்பில் நிமிடத்துக்கு 20 லிட்டர் மூச்சு இழுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 25 மீட்டரில் அழுத்தம் மூன்றரை மடங்கு. ஆக நிமிடத்துக்கு 70 லிட்டர்.

அப்புறம், திரும்பி வரத் தேவையானதை முதலிலேயே ஒதுக்க வேண்டும். உங்களுக்கு மட்டுமில்லை, ஜோடியாக வருபவரின் காற்று தீர்ந்துபோனால் அவருக்கும் சேர்த்து. பதற்றத்தில் ஆளுக்கு 30 லிட்டர் போகும், இரண்டு பேருக்கு 60. கீழே நிலைமையைச் சமாளிக்க ஒரு நிமிடம், அதற்கு 210 லிட்டர். நிமிடத்துக்கு 9 மீட்டர் வேகத்தில் மேலே வர மூன்று நிமிடம், அதற்குச் சுமார் 400. ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நிற்க 270. கூட்டினால் 880 லிட்டர், அதாவது 80 பார். 18 மீட்டரில் இதே கணக்குக்கு 60 பார் போதும்.

80 போனால் கையில் மிச்சம் 120 பார். 25 மீட்டரில் அது 19 நிமிடத்துக்கு வரும். ஆனால் பாடி (PADI) என்ற டைவிங் பயிற்சி அமைப்பின் அட்டவணை 25 மீட்டரில் 29 நிமிடம் வரை இருக்கலாம் என்கிறது. புதியவர்கள் கையில் கட்டிய டைவ் கம்ப்யூட்டரில் "இன்னும் 10 நிமிடம்" என்று தெரிவதைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். காற்று அதற்கு முன்பே முடிந்துவிடும். அதுவும் இழுவையை எதிர்த்துக் காலடித்தீர்கள் என்றால் 20 லிட்டர் சுலபமாக 30 ஆகும். அப்போது அந்த 19 நிமிடம் 13-ஆகச் சுருங்கும். நைட்ராக்ஸ் (ஆக்சிஜன் கூடுதலாகக் கலந்த காற்று) எடுத்தால் கம்ப்யூட்டர் காட்டும் நேரம் கூடும். சிலிண்டரில் காற்று கூடாது.

"என் அளவு 20 லிட்டர்தான் என்று எப்படித் தெரியும்?" என்று கேட்பீர்கள். முதல் நாள் தங்குமிடத்துப் பாறையருகே ஒரு செக் டைவ் வைப்பார்கள். 10 மீட்டரில் ஒரே ஆழத்தில் 10 நிமிடம் நீந்துங்கள். முன்னும் பின்னும் சிலிண்டரின் அழுத்த மானியைப் பாருங்கள். 36 பார் குறைந்திருந்தால், 36-ஐ 11-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 400 லிட்டர். 10 நிமிடத்தால் வகுத்தால் 40. 10 மீட்டரில் அழுத்தம் இரண்டு மடங்கு என்பதால் பாதியாக்கினால் 20. அதை ஸ்லேட்டில் எழுதி வையுங்கள். இந்த எண்ணை கைடிடம் சொல்லுங்கள், "எனக்கு 80 பாரில் மேலே கிளம்ப வேண்டும்" என்றும் முன்கூட்டியே சொல்லுங்கள். அவர் கூட்டத்தை அதற்கு ஏற்றபடி பிரிப்பார்.

டைவ் எப்படிப் போகும் என்றால், படகிலிருந்து விழுந்ததும் மேலே மிதக்காமல் நேராக இறங்க வேண்டும். மேலே நின்று மாஸ்க் சரிசெய்துகொண்டிருந்தால் வாசலைத் தாண்டி இழுத்துப் போய்விடும். விளிம்பில், உங்களைக் கயிற்றால் பிடித்து நிறுத்தும் கொக்கியை உயிரில்லாத பாறையில் மாட்டுங்கள், பவளத்தில் வேண்டாம். மாட்டிய பிறகு பிசிடியில் (காற்று நிரப்பும் மிதவை ஜாக்கெட்) கொஞ்சம் காற்று ஏற்றினால் கயிறு விறைத்து நிற்கும், நீங்கள் காலடிக்கவே வேண்டாம். கழற்றும் முன் அந்தக் காற்றை வெளியே விடுங்கள், இல்லையென்றால் சட்டென மேலே தூக்கும்.

முடிவில் ஓட்டத்தோடு உள்ளே மிதந்து வருவீர்கள். அப்போது தோணிக்காரர் உங்களைக் கண்டுபிடிக்க ஒரே அடையாளம், நீங்கள் கீழிருந்து காற்றடைத்து நூலோடு மேலே விடும் ஆரஞ்சு நிற மிதவைக் குழாய். ஒரு குழுவுக்கு ஒன்று என்று விடாமல் சொந்தமாக ஒன்று வைத்திருங்கள், ஐந்து மீட்டரில் நின்றபடி விட்டுப் பழகுங்கள். நூல் கையிலோ, மூச்சுவிட வாயில் வைக்கும் ரெகுலேட்டரிலோ சுற்றிக்கொள்வது முதல் சில தடவை எல்லோருக்கும் நடப்பதுதான், அது செக் டைவிலேயே நடந்துவிடட்டும்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று: திரும்பும் விமானம். பல நாள் தொடர்ந்து டைவ் செய்தால் குறைந்தது 18 மணி நேரம் இடைவெளி வேண்டும், பல சென்டர்கள் 24 கேட்பார்கள். கடல் விமானமும் இதில் சேர்த்திதான். மாலை 6 மணி விமானம் என்றால் முந்தைய நாள் பிற்பகல் டைவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வாவு அட்டோலின் அலிமத்தா தீவில் செவிலிச் சுறாக்களைப் பார்க்கும் இரவு டைவ் ஒன்று இருக்கிறது, அதைக் கடைசி இரவுக்குத் தள்ளாமல் பயணத்தின் நடுவிலேயே முடித்துவிடுங்கள். கிளம்பும் நாள் காலையில் மேலாக ஸ்நார்கெலிங் போகத் தடையில்லை.