காற்றுக்குக் கணக்கு எழுதியவர்

நேயர்களுக்கு வணக்கம். சின்ன வயதில் ஓடும் பேருந்தின் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிப் பார்த்திருப்பீர்கள். உள்ளங்கை படுக்கையாக இருந்தால் காற்று வழுக்கிப் போகும்; நிமிர்த்தினால் கையையே பின்னால் தள்ளும். ஜாகுவார் ஈ-டைப் காரின் அழகு முழுக்க அந்த உள்ளங்கைக் கணக்குதான்.

கணக்கு என்று தெரிந்தேதான் சொல்கிறேன். அதற்கு உருவம் கொடுத்த மால்கம் சேயர், விமானத் தொழிற்சாலையில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். லாகரிதம் புத்தகமும், கணக்குப் போட உதவும் நகரும் அளவுகோலான ஸ்லைடு ரூலும் வைத்துக்கொண்டு, எந்த இடத்தில் எவ்வளவு வளைய வேண்டும் என்று எண்களாகவே எழுதினார். அப்படி அவர் முன்பு செய்த டி-டைப் பந்தயக் கார், பிரான்ஸின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை 1955, 56, 57 என மூன்று ஆண்டும் வென்றது. அந்தக் கணக்குதான் ஈ-டைப்பிலும். அந்த நீண்ட பானெட்டை, பக்கத்து மட்கார்டுகளோடு சேர்த்து ஒரே துண்டாக முன்பக்கம் கவிழ்த்துத் திறக்க வேண்டும். முன் கண்ணாடி அகலம் அதிகம், உயரம் குறைவு. அதனால் மழை துடைக்க மூன்று வைப்பர்!

இப்போது எனக்குப் பிடித்த கதைக்கு வருகிறேன். 1961 மார்ச், ஜெனீவா கார் கண்காட்சி. ஓட்டிப் பார்க்க அவ்வளவு கூட்டம். ஒரு வண்டி போதவில்லை. ஜாகுவார் நிறுவனர் வில்லியம் லயன்ஸிடமிருந்து இங்கிலாந்துக்குத் தகவல் போகிறது: இன்னொன்றைக் கொண்டுவா. ஜாகுவார் தொழிற்சாலை இருந்த கோவென்ட்ரியில் சோதனை ஓட்டுநர் நார்மன் டியூயிஸ், கையிலிருந்த வேலையை அப்படியே போட்டுவிட்டுத் திறந்த ஈ-டைப்பில் கிளம்புகிறார். டோவரில் கப்பல் ஏறி, கடல் தாண்டி, இரவெல்லாம் ஓட்டுகிறார். ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். மறுநாள் காலை வண்டி ஜெனீவாவில்! உடனே அதிலேயே ஆட்களை ஏற்றி ஓட்டிக் காட்டவும் தொடங்கிவிட்டார். அந்த வண்டிக்கு நான்கு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக். அந்த பிரேக்கைச் சோதித்துச் சோதித்துத் தேற்றியதில் அவருக்கும் பெரிய பங்கு உண்டு. கிராண்ட் டூரிங் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு நான் இந்த ஓர் இரவைத்தான் சொல்வேன். நாடு விட்டு நாடு, ஒரே மூச்சில்.

இன்னொன்று, விலை. அன்று இரண்டாயிரம் பிரிட்டிஷ் பவுண்டுக்குச் சற்று மேல். போட்டிக் காரான ஆஸ்டன் மார்ட்டின் டிபி4 ஏறக்குறைய அதன் இரண்டு மடங்கு.

நேரம் நெருங்கிவிட்டது. 1964-ல் 4.2 லிட்டர் இஞ்சின், 1971-ல் பன்னிரண்டு சிலிண்டர். மொத்தம் 72,000-க்கு மேல் செய்தார்கள். இடையில் அமெரிக்கச் சட்டத்துக்காக முகப்பு விளக்குகளின் கண்ணாடி மூடி போயிற்று. காற்று வழுக்கிப் போகவென்று சேயர் வைத்த மூடி அது. அவர் 1970-ல் காலமானார். பன்னிரண்டு சிலிண்டர் வண்டி விற்பனைக்கு வந்ததை அவர் பார்க்கவில்லை. வணக்கம்.