ஷொக் பாரம் தாங்குவதில்லை

நேயர்களுக்கு என் அன்பான வணக்கம். அட்டனில் ஒரு சிறிய கராஜில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சிறிய கார்களின் கீழே படுத்து வேலை செய்தவன் நான். பழைய காரின் குலுக்கத்தை அடக்கும் ஷொக் அப்சோபரையும், ஷொக்கும் ஸ்பிரிங்கும் ஒரே தூணாகச் சேர்ந்த ஸ்ட்ரட்டையும் மாற்றும்போது எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்று பேசும்படி நிலையத்தார் கேட்டிருக்கிறார்கள்.

2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025 பெப்ரவரியில். இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளும் மலையகத்தில் இருந்த மாருதி 800, நிஸ்ஸான் மார்ச், டொயோட்டா ஸ்டார்லட் போன்ற கார்களையே பழுதுபார்த்துப் பழுதுபார்த்து ஓட்டினோம். வழி திறந்த பிறகும் புதிய காரின் விலை ஓர் ஆசிரியருக்கோ தோட்டத்து உத்தியோகத்தருக்கோ எட்டக்கூடியதாக இல்லை. ஆகவே இருபத்தைந்து வயதைத் தாண்டிய கார்கள் இன்றும் ரம்பொடை வளைவுகளில் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு இறங்குகின்றன.

அப்படிப்பட்ட காரோடு வருபவர்களில் பெரும்பாலானோர் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: “நல்லா ஹார்டான ஷொக்கா பார்த்துப் போட்டுவிடுங்க, தோட்டத்து ரோட்டுல அடி இடிக்குது.” இந்தக் கோரிக்கைக்கு அடியில் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. அதை முதலில் களைந்துவிட்டால், எந்த ஷொக்கை வாங்குவது என்ற கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

காரின் பாரத்தைத் தாங்குவது ஸ்பிரிங். ஷொக் அந்தப் பாரத்தைத் தாங்குவதில்லை. குழியில் விழுந்து எழும் ஸ்பிரிங், தன்போக்கில் விட்டால், ஊஞ்சலைப் போலப் பல தடவை ஆடித்தான் ஓயும். அந்த ஆட்டத்தை ஓரிரு அசைவில் அடக்குவதே ஷொக்கின் வேலை. அதன் உள்ளே இருக்கும் பிஸ்டன், எண்ணெயைச் சிறு துளைகளின் வழியே பிதுக்கித் தள்ளுகிறது. ஆட்டத்தின் சக்தி எண்ணெயில் சூடாக மாறி, உருளையின் சுவர் வழியே காற்றில் போய்விடுகிறது. கற்கள் பெயர்ந்த தோட்டப் பாதையில் சிறிது நேரம் ஓடிய காரின் ஷொக்கைத் தொட்டுப் பார்த்தால், அது வேலை செய்திருக்கிறது என்பதை அந்தச் சூடே சொல்லிவிடும்.

ஐந்து பேரும் இரண்டு மரக்கறி மூட்டையும் ஏறியபோது காரின் அடி இடிக்கிறது என்றால், ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது, அல்லது பாரம் கூடிவிட்டது என்று பொருள். அதற்கு ஹார்டான ஷொக் போட்டால் இடிப்பது நிற்காது. வேறொரு கேடு வந்து சேரும். இறுகிய ஷொக், சக்கரத்தைக் குழிக்குள் விரைந்து இறங்க விடாது. உடைந்த தார்ப்பாதையில் டயர் தரையைத் தொட்டும் தொடாமலும் தத்திச் செல்லும். மழைக்காலத்தில், மூடுபனிக்குள், இறக்கத்து வளைவில் பிரேக் பிடிக்கும் ஒருவருக்கு, டயர் தரையை விட்டு எழும் அந்தக் கணம் எவ்வளவு ஆபத்தானது என்பதை மலைப்பாதையில் ஓட்டிப் பழகிய நேயர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. டயரைத் தரையோடு பிடித்து வைக்கும் ஷொக்கே நல்ல ஷொக். அது அந்தக் காரின் ஸ்பிரிங்குக்கும் எடைக்கும் ஏற்றாற்போல் செய்யப்பட்டதாக இருக்க வேண்டும்.

சென்ற மழைக்காலத்தில் ஓர் ஆசிரியை தம் நிஸ்ஸான் மார்ச் காரைக் கொண்டு வந்தார். வளைவில் ஸ்டியரிங் நடுங்குகிறது என்றும் டயர் பலன்சிங் செய்தும் தீரவில்லை என்றும் சொன்னார். முன் சக்கரத்தைத் தூக்கி, அவருடைய உள்ளங்கையை டயரின் மேல் வைத்து மெதுவாகச் சுற்றச் சொன்னேன். “மேடும் பள்ளமுமா இருக்குதே, ஐயா” என்றார். கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அந்த அலை கைக்குத் தெரிந்தது. அடக்குவாரில்லாத சக்கரம் தரையைத் தட்டித் தட்டி ஓடியதால், டயர் கிண்ணம் கிண்ணமாகத் தேய்ந்திருந்தது. பம்பரை அழுத்திவிட்டு எத்தனை முறை ஆடுகிறது என்று எண்ணும் பழைய சோதனை, முற்றிலும் செத்த ஷொக்கைத்தான் காட்டிக்கொடுக்கும். பாதி தேய்ந்ததைக் காட்டாது. டயரைத் தடவிப் பாருங்கள். பிரேக் பிடிக்கும்போது காரின் மூக்கு எவ்வளவு குனிகிறது என்று கவனியுங்கள். உருளையின் மேற்பகுதியில் மெல்லிய எண்ணெய்ப் படலம் இருந்தால் அஞ்ச வேண்டாம். எண்ணெய் வழிந்து, புழுதி சேர்ந்து சேறாகியிருந்தால் மாற்றத்தான் வேண்டும்.

நான் சொன்ன கார்களில் முன்பக்கம் இருப்பது ஸ்ட்ரட், பின்பக்கம் இருப்பது பெரும்பாலும் தனி ஷொக். 1950களின் தொடக்கத்தில் போர்ட் கொன்சல் கார்களோடு பரவிய இந்த ஸ்ட்ரட் அமைப்பு, அதை வகுத்த பொறியியலாளர் மக்பர்சனின் பெயராலேயே இன்றும் அழைக்கப்படுகிறது. ஸ்பிரிங்கைத் தாங்கி நிற்பதும், சக்கரத்தை நேராக நிறுத்துவதும், ஸ்டியரிங்கோடு சேர்ந்து திரும்புவதும் இந்த ஒரே தூண்தான். அதனால் ஸ்ட்ரட் சிறிதளவு வளைந்திருந்தாலும் சக்கரத்தின் சாய்வு மாறிவிடும். கார் ஒரு பக்கம் இழுக்கும்.

ஜப்பானிலிருந்து வரும் ரீகண்டிஷன் உதிரிப்பாகங்களை, அதாவது ஓடிய கார்களிலிருந்து கழற்றியவற்றை, நாம் எல்லோரும் நம்பியிருக்கிறோம். எஞ்சினுக்கும் கதவுக்கும் அவை பெரும் உதவி. ஆனால் முன் ஸ்ட்ரட்டை அப்படி வாங்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. பல ஆண்டுகளுக்கு முன் கொழும்பில் ஒரு கடையில், கறுப்புப் பெயின்ட் அடித்துப் பளபளத்த ஒரு சோடியை வாங்கி வந்து நானே பூட்டினேன். நுவரெலியாக் குளிரில் இரண்டு வாரம் ஓடியதும் எண்ணெய் கசிந்தது. கழற்றிப் பார்த்தபோது ஒன்றின் தண்டு வளைந்திருந்தது. அடிபட்ட காரிலிருந்து எடுத்திருக்க வேண்டும். அந்தக் காரின் உரிமையாளர் என்னை நம்பிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போனவர். அன்றிலிருந்து முன்பக்கத்துக்குப் புதியதைத் தவிர வேறெதையும் நான் பூட்டுவதில்லை.

பின்பக்கத்துக்குப் பழையதுதான் கைக்கு எட்டும் என்றால், ஷொக்கை நிமிர்த்திப் பிடித்து, தண்டை நாலைந்து முறை முழுதாக அழுத்தி இழுத்துப் பாருங்கள். தடை சீராக இருக்க வேண்டும். அழுத்துவதைவிட இழுப்பது பெரும்பாலும் கடினமாக இருக்கும். பல முறை இழுத்த பிறகும் நடுவில் ஓரிடத்தில் கை வெறுமையாக நழுவினால், எண்ணெய் குறைந்துவிட்டது என்று அறிக. எண்ணெயோடு நைதரசன் வாயுவும் அடைத்த காஸ் வகையாக இருந்தால், அழுத்திவிட்ட தண்டு தானாகவே மெல்ல எழும்பி வர வேண்டும். உருளையில் துளையிட்டு எண்ணெய் நிரப்பி ஒட்டிக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். போன நைதரசன் அந்த ஒட்டில் திரும்பி வராது. அதற்குக் கொடுக்கும் பணம் வீண்.

புதியதில் எண்ணெய் வகையா, காஸ் வகையா? நம் பாதைகளுக்குக் காஸ் வகையையே நான் சொல்வேன். குலுங்கிக் குலுங்கிச் சூடேறும் எண்ணெயில் நுரை கட்டினால், பிஸ்டன் நுரைக்குள் ஓடும். அடக்கும் திறன் போய்விடும். குறைந்த அழுத்தத்தில் அடைக்கப்பட்ட நைதரசன் அந்த நுரையைக் கட்டுப்படுத்துகிறது. பழைய சிறு காருக்கு, இரட்டைக் குழாய் கொண்ட சாதாரண காஸ் ஷொக் போதும். பந்தயக் காருக்குச் செய்ததைத் தேடி அலைய வேண்டாம். காரை உயர்த்துவதற்காக நீளமான ஷொக்கை மாட்டுவதும் வேண்டாம். உயரத்தைத் தருவது ஸ்பிரிங். அளவு மீறி உயர்த்தினால் முன் அச்சின் மூட்டுகள் கோணலாகச் சுழன்று தேயும்.

கடைக்குப் போகும்போது “மார்ச் காருக்கு ஒன்று” என்று மட்டும் கேட்காதீர்கள். எஞ்சின் அறையில் இருக்கும் தகட்டிலுள்ள மொடல் குறியீட்டையும் சேசிஸ் இலக்கத்தையும் எழுதிக்கொண்டு போங்கள். முடிந்தால் பழைய ஷொக்கையும் கையோடு கொண்டு போங்கள். ஸ்ட்ரட்டில் இடமும் வலமும் பெரும்பாலும் வேறு வேறு. பிரேக் குழாயைத் தாங்கும் கொக்கி எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்தே காசு கொடுங்கள். ஒரு பக்கம் மட்டும் கசிந்தாலும் சோடியாகவே வாங்குங்கள். ஒன்று புதிதும் ஒன்று பழையதுமாக இருந்தால், இடப்பக்க வளைவில் ஒரு விதமாகவும் வலப்பக்க வளைவில் வேறு விதமாகவும் கார் நடந்துகொள்ளும்.

ஸ்ட்ரட் வாங்கும் அன்றே மேல் மவுண்டிங், அதன் பெயாரிங், பம்ப் ஸ்டொப் எனும் தடுப்பு ரப்பர், புழுதி உறை ஆகியவற்றையும் வாங்கிவிடுங்கள். வெடித்த பழைய உறையைத் திரும்பப் போட்டால், மணல் தண்டில் ஒட்டி, எண்ணெய் கசியாமல் தடுக்கும் புதிய சீல் வளையத்தை விரைவில் அரித்துவிடும். பூட்டுபவர் நட்டை இறுக்கும்போது தண்டைக் குறட்டால் கவ்வ விடாதீர்கள். அந்த ஒரு கீறல் சீல் வளையத்தைக் கிழிக்கும். ஸ்பிரிங்கைக் கம்பியால் கட்டிக் கழற்றும் பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. அறுந்தால் உயிரையே எடுக்கும். ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் உரிய கம்பிரசர் கருவி இல்லாத கராஜில் ஸ்ட்ரட் வேலையைக் கொடுக்காதீர்கள். பின் ஷொக்கின் ரப்பர் புஷ் போல்ட்டுகளை, காரை ஜேக்கிலிருந்து இறக்கி, சக்கரம் தரையில் நிற்கும்போதே கடைசியாக இறுக்கச் சொல்லுங்கள். தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும்.

அந்த ஆசிரியையின் காருக்கு முன் ஸ்ட்ரட் இரண்டையும் மாற்றி, வீல் எலைன்மன்ட் செய்துகொள்ள அனுப்பினோம். அலையாகத் தேய்ந்த டயரை முன்னால் போட்டால் நடுக்கம் தொடரும் என்பதால், முன்பக்கத்துக்கு வேறு இரண்டு டயர்களையும் போட வேண்டியிருந்தது. ஷொக்கை இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே மாற்றியிருந்தால், அந்த டயர்களின் விலை அவருக்கு மிச்சமாகியிருக்கும். வணக்கம்.