முளைக்க மண் வேண்டாமா?

மதிப்பிற்குரிய நகர்மன்றத் தலைவர் அவர்களே, வேலைப்பளுவுக்கு நடுவிலும் பரிசு வழங்க வந்திருக்கும் காவல் ஆய்வாளர் அவர்களே, கோப்பைக்கு நன்கொடை தந்த அரிசி ஆலை ஐயா அவர்களே, மூன்று நாளாக வெயிலில் நின்று சுண்ணாம்புக் கோடு போட்ட தம்பிகளே, தாய்மார்களே, வணக்கம்.

கால்பந்து வீரர் ஐ.எம். விஜயனைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். அவருடைய சிறுவயது, கொல்கத்தா காலம், இந்திய அணி என்று மூன்றையும் சொல்கிறேன்.

‘விளையும் பயிர் முளையிலே தெரியும்’ என்று என் அப்பா அடிக்கடி சொல்வார். 1969-இல் திருச்சூரில் பிறந்த விஜயன் வறுமையில் வளர்ந்த பையன். அந்த ஊர் நகராட்சி மைதானத்தில் பந்தாட்டம் நடந்தால் சோடா விற்கப் போவான். பாட்டிலுக்குப் பத்து பைசா. நினைத்துப் பாருங்கள்! கையில் சோடா, கண் பந்து மேலே. கேலரியில் ஒருவர் ‘டேய், இங்கே ஒன்று’ என்று கூப்பிடுகிறார். அந்த நேரம் பார்த்து ஒருவன் பந்தோடு கோலை நோக்கி ஓடுகிறான். பையனுக்குக் கால் நகருமா? டிக்கெட் வாங்கக் காசில்லாத பிள்ளைக்கு அந்தச் சோடாதான் நுழைவுச்சீட்டு. பெரிய ஆட்டக்காரர்களைப் பக்கத்தில் நின்று பார்க்க அவனுக்கு ஒரு மைதானம் இருந்தது.

பதின்ம வயதிலேயே கேரள போலீஸ் அணி அவரை எடுத்துக்கொண்டது. 1990-இல் அந்த அணி, இந்தியக் கால்பந்து அணிகள் மோதும் பெடரேஷன் கோப்பையை வென்றது, அதுவும் அதே திருச்சூரில்! அப்புறம் கொல்கத்தாவின் மோகன் பகான், பஞ்சாபின் ஜே.சி.டி., மறுபடி கொல்கத்தாவில் ஈஸ்ட் பெங்கால் என்று பெரிய அணிகள். இந்திய அணிக்காக 1999 தெற்காசிய விளையாட்டில் பூட்டானுக்கு எதிராகப் பன்னிரண்டாவது வினாடியில் கோல். மூன்று முறை இந்தியாவின் சிறந்த ஆட்டக்காரர், 2003-இல் அர்ஜுனா விருது, 2025-இல் பத்மஸ்ரீ. ‘திமிரு’ படத்தில் வில்லனாக மிரட்டியவரும் இவரேதான், பிள்ளைகளே.

விளையும் பயிர் முளையிலே தெரியும், சரி. முளைக்க மண் வேண்டாமா? நம் ஊர் மைதானத்தில் வருடத்தில் பாதி நாள் பொருட்காட்சிக் கொட்டகை. மீதி நாள் கேட்டில் பூட்டு. பிள்ளைகள் சுவரேறிக் குதிக்கிறார்கள். போன மாதம் ஒருவனுக்குக் கை முறிந்தது. இந்த மண்ணிலும் ஒரு விஜயன் முளைவிட்டிருக்கலாம் அல்லவா?

தலைவர் ஐயா, தினமும் மாலை நான்கு முதல் ஏழு மணி வரை, கட்டணமில்லாமல், கேட்டைத் திறந்துவிடச் சொல்லுங்கள். இந்த மேடையிலேயே அறிவித்தால் இன்னும் மகிழ்ச்சி. இதைக் கேட்கும் மனுவின் தாள்கள் பரிசு மேசைக்குப் பக்கத்தில் இருக்கின்றன. கையெழுத்துப் போட்டுவிட்டே வீட்டுக்குப் போங்கள்.