ஒப்பந்தத்தில் இல்லாத தீவு

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

இந்தோனேசியாவுக்கு விடுதலையை வாங்கித் தந்தது போர்க்களமா, பேச்சுவார்த்தையா? பேச்சுவார்த்தைதான் என்ற எதிரணித் தலைவர், இந்தோனேசியாவை ஆண்ட டச்சுக்காரனோடு போட்ட லிங்கஜாத்தி, ரென்வில், ஹேக் ஒப்பந்தங்களை அடுக்கினார். அந்த லிங்கஜாத்தியையே கொஞ்சம் பிரித்துப் படிப்போம் ஐயா.

1946 நவம்பர் 15. புதிய இந்தோனேசியக் குடியரசின் கையில் இருப்பதாக டச்சுக்காரன் ஒப்புக்கொண்டது ஜாவா, மதுரா, சுமத்ரா. மூன்றே மூன்று தீவுகள். பாலி எங்கே? பாலி இல்லை! அந்த மை காய்ந்து ஐந்தாம் நாள், நவம்பர் 20, பாலியின் மார்கா கிராமத்தில் 96 பேர் செத்துக் கிடந்தார்கள்.

யார் அவர்கள்? போர்க்காலத்தில் இந்தோனேசியாவைப் பிடித்து வைத்திருந்த ஜப்பான் சரணடைந்ததும் 1945 ஆகஸ்ட் 17-ல் விடுதலை இயக்கத் தலைவர்கள் சுகர்னோவும் ஹத்தாவும் விடுதலையை அறிவித்தார்கள். விட்டுப்போன சொத்தை எடுக்க வருகிறவன் மாதிரி டச்சுக்காரன் திரும்பி வந்தான். 1946 மார்ச்சில் பாலியின் சானூர் கடற்கரையில் இறங்கினான். 1906-லும் இதே சானூரில்தான் இறங்கினான். அன்று பாலியின் பாடுங் அரசரும் அவர் குடும்பமும் வெள்ளை உடுத்தி, துப்பாக்கிகளுக்கு நேராக நடந்து போய் மாண்டார்கள். அதற்குப் பாலி மொழியில் 'புபுத்தான்' என்று பெயர். கடைசி ஆள் வரை என்று பொருள்.

நாற்பது ஆண்டு கழித்து அதே சொல்லை எடுத்தவர் இ குஸ்தி நுரா ராய். வயது 29. டச்சுக்காரனே பயிற்சி கொடுத்த பட்டாளத்துக்காரர். பேச வாருங்கள் என்று டச்சு அதிகாரி கூப்பிட்டதற்கு 1946 மே மாதம் அவர் எழுதிய பதில் கடிதம் இருக்கிறது. பேச்சுவார்த்தையை ஜாவாவில் உள்ள எங்கள் தலைவர்கள் பார்த்துக்கொள்வார்கள். பாலி அதற்கான இடமல்ல. டச்சுக்காரர்கள் இந்தத் தீவைவிட்டுப் போகும்வரை போரிடுவோம். இதுதான் சாரம். பேச்சுவார்த்தை மேசையை அவர் இழிவாகப் பேசவில்லை, கவனியுங்கள். தன் வேலை எது என்று தெரிந்து எழுதினார்.

நவம்பரில் அவரும் அவர் ஆட்களும் பாலியின் தபனான் ஊர்ப் போலீசிடமிருந்து துப்பாக்கிகளைப் பறித்தார்கள். மார்காவில் சுற்றி வளைக்கப்பட்டார்கள். டச்சுக்காரன் விமானத்தையும் வரவழைத்தான். நுரா ராயோடு இருந்தவர்களில் ஒருவர்கூட மிஞ்சவில்லை.

"செத்து என்ன ஆயிற்று? அடுத்த மாதமே பாலியின் தென்பசார் நகரில் மாநாடு கூட்டிக் கிழக்கு இந்தோனேசியா என்று தனி அரசை டச்சுக்காரன் அமைத்துவிட்டானே" என்று எதிரணித் தோழி கேட்டார். நியாயமான கேள்விதான் அம்மா. நான் திருப்பிக் கேட்கிறேன்: ஒப்பந்தம் போட்ட ஜாவாவுக்கு என்ன ஆயிற்று? 1947 மார்ச்சில் லிங்கஜாத்திக்கு முறைப்படி கையெழுத்து, ஜூலையில் டச்சுப் படையெடுப்பு. ரென்வில் ஒப்பந்தம் 1948 ஜனவரியில்; அந்த டிசம்பரிலேயே குடியரசின் தலைநகர் யோக்யகர்த்தா பறிபோனது, சுகர்னோவும் ஹத்தாவும் கைதானார்கள். பேச வேண்டியவர்களே சிறையில்! அப்போது குடியரசு உயிரோடு இருந்தது எங்கே? கெரில்லாக்களிடம். 1949 மார்ச் 1-ல் அதே யோக்யகர்த்தாவுக்குள் புகுந்து ஆறு மணி நேரம் பிடித்து வைத்திருந்தார்கள்.

ஐ.நா. அழுத்தம் கொடுத்தது, அமெரிக்கா நிதியை நிறுத்துவேன் என்றது. மறுக்கவில்லை. ஆனால் சண்டை ஓய்ந்துபோன நாட்டுக்காக அமெரிக்கா வாய் திறந்திருக்குமா?

மார்கா நினைவிடத்தில் 1,372 நினைவுக் கற்கள் வரிசையாக நிற்கின்றன, பாலியின் விடுதலைப் போரில் மாண்டவர்களுக்காக. நம் பிள்ளைகள் தேனிலவுக்குப் பாலி போகிறார்களே, அவர்கள் இறங்குகிற விமான நிலையத்தின் பெயர்ப் பலகையைப் பார்த்து வரச் சொல்லுங்கள் நடுவர் அவர்களே. நுரா ராய் என்று இருக்கும்.