எம்.எல்.ஏ. லிங்கன்

தலைவர் அவர்களே, நண்பர்களே, வணக்கம்.

லிங்கன் என்றதும் தாடிதான் நம் கண்ணில் நிற்கும். அவர் தாடி வளர்த்தது 1860 கடைசியில், ஜனாதிபதி தேர்தலில் ஜெயித்த பிறகு. நான் பேச வந்தது அதற்கு முந்தைய, மழமழவென்று சவரம் செய்த லிங்கனைப் பற்றி. இல்லினாய்ஸ் மாநிலத்தில் எட்டு வருஷம் எம்.எல்.ஏ.வாக இருந்தாரே, அந்த ஆள்.

ஊர் நியூ சேலம். ஆற்றங்கரைச் சிற்றூர். கூட்டுக்குக் கடை வைத்தார், நொடித்தது. கடன் கழுத்தை நெரித்தது. போஸ்ட் மாஸ்டர் வேலை பார்த்தார். கடிதங்களைத் தொப்பிக்குள் செருகிக்கொண்டு தேடிப் போய்க் கொடுப்பாராம். நிலமும் அளந்தார். 1832-ல் தேர்தலில் நின்று தோற்றார். 13 பேரில் எட்டாவது இடம். ஆனால் சொந்த ஊரில் விழுந்த 300 ஓட்டில் 277 அவருக்கு! 1834-ல் ஜெயித்துவிட்டார். வயது 25. சபைக்குப் போட்டுக்கொண்டு போக நல்ல உடுப்பு இல்லை. தெரிந்தவரிடம் 200 டாலர் கடன் வாங்கி, அதில் 60 டாலருக்கு சூட் எடுத்தார். ஜெயித்த பிறகும் கடன்தான்.

அப்போது தலைநகர் வண்டாலியா. லிங்கனின் சங்கமோன் மாவட்டத்திலிருந்து போன ஒன்பது பேரும் ஏறக்குறைய ஆறடி ஆட்கள்; 'நெட்டை ஒன்பது' என்று பேர். தலைநகரைத் தங்கள் ஸ்பிரிங்ஃபீல்டுக்குக் கொண்டுவருவதே அவர்கள் குறி. அதே கூட்டத்தொடரில் ரயில் பாதை, கால்வாய் என்று சுமார் ஒரு கோடி டாலர் திட்டம் ஒன்றும் நிறைவேறியது. 'எங்களுக்குத் தலைநகர், உங்களுக்கு ரயில்' என்று ஓட்டுப் பண்டமாற்று நடந்ததாகச் சொல்வார்கள். இல்லவே இல்லை என்று வாதிடும் ஆய்வாளர்களும் உண்டு. எனக்கென்னவோ, லிங்கன் அதற்குக் கூச்சப்படுகிற ஆளாகத் தோன்றவில்லை. 1837-லேயே நாட்டில் பணமுடை வந்தது. திட்டம் பாதியில் கிடக்க, கடன் மட்டும் மாநிலத்தின் தலையில் நின்றது.

ஒரு கூத்தும் உண்டு. 1840 டிசம்பரில், கோரம், அதாவது சபை முடிவெடுக்கத் தேவையான குறைந்தபட்ச ஆள் எண்ணிக்கை, சேரக்கூடாது என்று ஜன்னல் வழியாக வெளியே குதித்தார். அதற்குள் அவரையும் சேர்த்து எண்ணியாகிவிட்டது!

இனி, நான் பேச வந்த விஷயம். 1837 ஜனவரியில் அடிமை ஒழிப்புச் சங்கங்களைக் கண்டித்து சபையில் தீர்மானம் வந்தது. ஆதரவு 77, எதிர்ப்பு 6. அந்த ஆறில் லிங்கன் ஒருவர். ஆனால் எதிர்த்ததன் காரணத்தை உடனே எழுதித் தரவில்லை. பிப்ரவரி 28-ல் தலைநகர் ஸ்பிரிங்ஃபீல்டுக்கு உறுதியானது. மார்ச் 3-ல், டேன் ஸ்டோன் என்பவரோடு சேர்ந்து, அடிமை முறை அநீதியிலும் தவறான கொள்கையிலும் எழுந்தது என்று எழுதிக் கையெழுத்திட்டார். ஒழிப்புப் பிரசாரம் அந்தக் கேட்டை வளர்க்கவே செய்யும் என்றும் அதே தாளில் எழுதினார். அதை மறைத்துவிட்டு அவரைப் புகழ எனக்கு விருப்பமில்லை.

தலைநகர் கைக்கு வரும்வரை காத்திருந்தார் என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் ஒன்று பாருங்கள். ஸ்டோன் நீதிபதியாகப் போகிறவர். மறுபடி ஓட்டுக் கேட்டுப் படியேற வேண்டியவர் லிங்கன் மட்டும்தான். 1838-ல் ஏறினார். ஜெயித்தார்.