காட்டெருமை எங்கே என்று காட்டாத செயலி

நேயர்களுக்கு வணக்கம். கைபேசிச் செயலிகளை வடிவமைப்பது என் தொழில். சேலத்தை அடுத்த குரும்பப்பட்டி உயிரியல் பூங்காவிலிருந்து ஏற்காடு வரை, விலங்குகளைப் பார்க்க வருகிறவர்களுக்காக நண்பர்களோடு சேர்ந்து ஒரு செயலியை உருவாக்கிக்கொண்டிருக்கிறேன். அது என்ன செய்ய வேண்டும், எதைச் செய்யவே கூடாது என்பதைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

குரும்பப்பட்டியில் மதிய நேரத்தில் கடமான் அடைப்புக்கு முன்னால் கொஞ்சம் நின்று பாருங்கள். மான் நிழலில் படுத்து அசைபோட்டுக்கொண்டிருக்கும். வருகிறவர்கள் கைதட்டுவார்கள், விசில் அடிப்பார்கள். அது எழுந்திருக்கவில்லை என்றால் 'சும்மாதான் படுத்திருக்கு' என்று நகர்ந்துவிடுவார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. கடமான் பெரும்பாலும் அந்தியிலும் இரவிலும் மேய்கிற விலங்கு, பகலில் ஓய்வெடுப்பது அதன் இயல்பு என்பதை யாராவது பக்கத்தில் நின்று சொன்னால்தானே தெரியும்?

அந்த இடத்தில் செயலி ஒரு கேள்வி கேட்கும்: 'இரண்டு நிமிடம் சத்தம் போடாமல் நில்லுங்கள். எந்தக் காது முதலில் திரும்புகிறது?' ஒரு காது நம் பக்கமும் இன்னொன்று வேறு பக்கமும் திரும்புவதைக் குழந்தையே கண்டுபிடிக்கட்டும். அப்புறம் காரணத்தைச் சொல்லும்: படுத்திருந்தாலும் அது சுற்றிலும் காது கொடுத்தபடியேதான் இருக்கிறது. மதிப்பெண், பரிசு எதையும் வைக்கவில்லை. இத்தனை விலங்கு பார்த்தால் இத்தனை புள்ளி என்று வைத்தால் பிள்ளைகள் ஒவ்வொரு அடைப்பாக ஓடுவார்கள், எதையும் பார்க்க மாட்டார்கள்.

சரி, மலைக்குப் போவோம். சேலத்திலிருந்து ஏறும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். வழியெல்லாம் டவர் கிடைக்கும் என்று நம்பிவிட முடியாது. ஆனால் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களிடமிருந்து நேரடியாகத் தகவல் வாங்குகிறது, டேட்டா இல்லாவிட்டாலும் நாம் இருக்கும் இடம் அதற்குத் தெரியும். அதனால் வரைபடம், குரல், படம் எல்லாவற்றையும் அடிவாரத்திலேயே இறக்கிக்கொள்ளும்படி செய்கிறோம். கார்னெல் பறவையியல் ஆய்வகத்தின் மெர்லின் செயலியும் அப்படித்தான்: அந்தப் பகுதிக்கான தொகுப்பை முன்கூட்டியே இறக்கிக்கொண்டால், காட்டுக்குள் நெட் இல்லாமலே பறவையை அடையாளம் சொல்லும்.

வண்டி ஓட்டுகிறவர் திரையைப் பார்க்கக் கூடாது. எனவே மலைப்பாதையில் குரல் மட்டும்தான். 'அடுத்த வளைவில் குரங்குகள் இருக்கலாம், கண்ணாடியை ஏற்றிக்கொள்ளுங்கள், தின்பண்டம் எதையும் வீசாதீர்கள்' என்று முன்பே சொல்லிவிடும். மழை நாளாக இருந்தால் இன்னொரு வரி சேரும்: 'மெதுவாகப் போங்கள், ரோட்டில் கேடயவால் பாம்பு ஊர்ந்து வரலாம்.' மண்ணுக்குள் வாழ்ந்து மண்புழுவைத் தின்கிற, விஷமில்லாத பாம்பு அது. அதில் ஒரு வகை ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைக்கே உரியது. 1863-இல் பெட்டோம் என்ற ஆய்வாளர் அதை முதலில் விவரித்தார். வேறெங்கும் இல்லாத ஓர் உயிர், அப்படி ஒன்று இருப்பதுகூட நமக்குத் தெரியாமல் டயரில் நசுங்கிப் போகக் கூடாது. அந்த ஒரு வரிக்காக மட்டுமே இந்தச் செயலியைச் செய்யலாம் என்று எனக்குத் தோன்றும்.

இனி, எல்லோரும் என்னிடம் கேட்பது: 'காட்டெருமை இப்போ எங்கே நிக்குதுன்னு காட்டுமா?' காட்டாது. இதில் நாங்கள் உறுதியாக இருக்கிறோம். தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் பூங்காவில் விலங்கு நிற்கும் இடத்தை உடனுக்குடன் பகிரும் செயலிகள் வந்தன. வண்டிகள் அந்த இடத்துக்கு வேகமாகப் பாய்கின்றன, விலங்குகள் அடிபடுகின்றன என்று 2016-இல் அந்நாட்டுத் தேசியப் பூங்காக்கள் நிர்வாகமே கவலை தெரிவித்தது. பார்த்த உயிரினங்களை மக்களே பதிவு செய்கிற ஐநேச்சுரலிஸ்ட் என்ற இணையதளத்தில், அழியும் நிலையிலுள்ள உயிர்களின் சரியான இடத்தைப் பொதுவில் காட்டமாட்டார்கள். ஏறத்தாழ 20 கிலோமீட்டர் கட்டத்துக்குள் எங்கோ இருக்கிறது என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள்.

நம் ஊரில் விஷயம் இன்னும் நெருக்கமானது. முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறை போட்டது போல நிற்கிற காட்டெருமைக் காளை, ஆயிரம் கிலோ வரைகூட எடை வரும். நாலு கார் சூழ்ந்து ஹாரன் அடித்தால் அது மிரண்டு காப்பித் தோட்டத்துக்குள் இறங்கிவிடும். போட்டோ எடுத்தவர்கள் சாயங்காலமே சேலத்துக்குத் திரும்பிவிடுவார்கள். மறுநாள் விடியற்காலையில் அந்த ஒற்றையடிப் பாதையில் பழம் பறிக்க நடந்து போகிற பெண்கள்தான் அதன் எதிரே நிற்க வேண்டியிருக்கும். சுற்றுலா வருகிறவருடைய மகிழ்ச்சிக்கு அவர்கள் விலை கொடுக்கக் கூடாது. அதனால் செயலி சொல்வது இவ்வளவுதான்: 'இந்தப் பக்கம் மாலையில் காட்டெருமை வருவதுண்டு. வண்டியை விட்டு இறங்காதீர்கள், ஹாரன் வேண்டாம், அது போகும்வரை காத்திருங்கள்.'

இந்தச் செயலியில் பேசப்போவது யார் என்பது இன்னும் முடிவாகவில்லை. ஸ்டுடியோவில் பயிற்சி பெற்ற குரல் வேண்டாம் என்று நினைக்கிறேன். எஸ்டேட்டில் வேலை செய்கிறவர்கள், மலையிலேயே பிறந்து வளர்ந்த மலையாளிப் பழங்குடிப் பெரியவர்கள், வேட்டைத் தடுப்புக் காவலர்கள் ஆகியோரின் பேச்சிலேயே அது வர வேண்டும். எந்த வாசனை வந்தால் நிற்க வேண்டும், எந்தச் சத்தம் கேட்டால் திரும்பிவிட வேண்டும் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். அப்படிச் சொல்லக்கூடியவர்கள் இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், உங்கள் ஊருக்கே வந்து பதிவு செய்துகொள்கிறோம். உங்கள் பெயரைப் போட்டு, அதற்கான கூலியையும் கொடுத்துத்தான் அந்தக் குரலைப் பயன்படுத்துவோம்.